வேலை தெரிந்தவர், கூலியில் சித்தாள்

தை பிறந்து மழை ஈரம் வற்றத் தொடங்கியதும் மரக்காணம் உப்பளங்களில் பாத்தி திருத்தும் வேலை ஆரம்பமாகும். வடகிழக்குப் பருவமழை கரைத்துவிட்டுப் போன வரப்பைக் கட்ட வேண்டும், தேங்கிய சேற்றை வாரி எறிய வேண்டும், தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். மிதி சரியில்லை என்றால் உப்போடு மண் ஏறும், நிறம் கெடும், விலை இறங்கும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் 3 முதல் 3.5 டிகிரி. வெயிலில் காயவிட்டு, பாத்தி விட்டுப் பாத்தி மாற்றி, அதை 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு பூக்கும். 30-ஐ நெருங்கவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும். இந்தச் சில டிகிரிகளுக்குள்தான் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. நீரின் மேல் படியும் மெல்லிய ஏட்டைப் பார்த்து, விரலிடுக்கில் தேய்த்து வழவழப்பை உணர்ந்து, அது என்ன பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடக்கூடிய பெண்கள் அளத்தில் இருக்கிறார்கள்.

கூலிக் கணக்கில் மட்டும் அவர்கள் சுமக்கிறவர்கள். வாருபலகை பிடித்து உப்பை வாருவதும், மோட்டார் ஓட்டுவதும், ஆள் வைத்து வேலை வாங்குவதும் பெரும்பாலும் ஆண்களிடம். வாரிய உப்பைச் சட்டியில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பின் மேல் நடந்து, அம்பாரத்தில் கொட்டுவது பெண்களிடம். வேலை பிரிந்த இடத்திலேயே கூலியும் பிரிந்துவிடுகிறது. தான் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறோம் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியாததில்லை. ‘அது வேற வேலை’ என்ற ஒரே பதில் தலைமுறை தலைமுறையாக அவர் வாயை அடைத்து வந்திருக்கிறது.

கைத்திறன் தொழில்களில் பெண்களின் சமத்துவம் என்ற கேள்வியை நான் இந்தப் பதிலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று அரசுத் திட்டங்கள் சொல்கின்றன. பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் திறன் ஏற்கெனவே இருக்கும் இடத்திலும் அதற்குரிய பெயரும் கூலியும் வருவதில்லையே, அது ஏன்?

வானூர் வட்டாரம் இதை ஆராய ஏற்ற இடம். கிழக்கே உப்பங்கழியும், வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளி ஈரநிலமும் இருக்கின்றன. 2021-இல் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேற்கே திருவக்கரைப் பக்கம் கல்மரப் பூங்காவும் கல்குவாரிகளும். தெற்கே எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி, நாள்தோறும் கட்டட வேலைக்கு ஆள் கேட்கும் ஊர். நடுவில் 1968-இல் உருவான ஆரோவில். உப்பு, கல், செங்கல், கட்டடம், பட்டறை என்று கையால் செய்யும் தொழில்கள் இத்தனை நெருக்கமாக இருக்கும் வட்டாரத்தில், காலை பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். அவர்களில் கொத்தனார் என்றோ தச்சர் என்றோ வெல்டர் என்றோ கூலி வாங்குகிறவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கட்டட வேலையைப் பார்ப்போம். சித்தாளாகப் பத்து வருடம் போன பெண்ணுக்குச் செங்கல் கட்டுக்கு ஒன்றுக்கு ஆறு, பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணலைக் கையில் அள்ளிப் பிசைந்தாலே அதில் வண்டல் எவ்வளவு என்று தெரியும். தண்ணீர் கூடிப்போன கலவையை மண்வெட்டி விழும் சத்தத்திலேயே கண்டுகொள்வார். செங்கல் நனைந்தது போதுமா, நேற்றுக் கட்டிய சுவருக்கு எத்தனை முறை தண்ணீர் காட்ட வேண்டும், காங்கிரீட் இறுகுவதற்குள் எத்தனை சட்டி ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கொத்தனார் கேட்பதற்கு முன்பே கலவை போய்ச் சேரவில்லை என்றால் அன்றைக்கு வேலை ஓடாது. இதைத் திறனற்ற உடலுழைப்பு என்று கூலி அட்டவணை வகைப்படுத்துகிறது. தூக்குக்குண்டு பிடிப்பதும், மட்டம் பார்ப்பதும், கரணையை ஓட்டுவதும் மட்டுமே திறன். அதற்கான கூலி சித்தாள் கூலியைவிட மிக அதிகம்.

ஒரு பையன் எப்படிக் கொத்தனார் ஆகிறான் என்று கவனித்தால் விஷயம் விளங்கும். மாமனோடோ அண்ணனோடோ கையாளாகப் போவான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கரணையை எடுத்து ஒரு வரிசை வைத்துப் பார்ப்பான். கோணலாகப் போனால் திட்டு விழும், பிரித்து மறுபடி வைப்பான். இரண்டு மூன்று வருடத்தில் அரைக் கொத்தனார், பிறகு கொத்தனார், கையில் நாலு காசு சேர்ந்தால் மேஸ்திரி. இதற்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. உறவும் நேரமும்தான் பள்ளிக்கூடம். பெண்ணுக்கு இரண்டுமே இல்லை. மதிய நேரத்தில் அவர் குழந்தையைப் பார்க்க வேண்டும், அல்லது ஆண்கள் சாப்பிட்ட பிறகு இடத்தைக் கழுவ வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் அடுப்பு காத்திருக்கும். கரணையைத் தொட்டுப் பார்க்க அவருக்கு எப்போது நேரம்? ஆகவே சித்தாளாக வருகிறவர் சித்தாளாகவே முதுமை அடைகிறார். திருச்சி வட்டாரக் கட்டடத் தொழிலாளிப் பெண்களை ஆராய்ந்த அன்னெட் பர்னபாஸ், ஜோசப் அன்பரசு, பால் கிளிஃபோர்ட் ஆகியோரும் இதையே கண்டார்கள். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் பெண் உதவியாளராகவே நிறுத்தப்படுகிறார் என்று அவர்கள் ஆய்வு காட்டியது. கொத்து வேலை கற்றுக்கொள்ளப் பெண்களிடம் விருப்பம் இருந்தது. தயக்கம் வேலை கொடுக்கும் பக்கத்தில் இருந்தது.

இதற்குப் பழைய வேர் உண்டு. கைத்தொழில்கள் சாதிக்குள் பிறப்பால் கைமாறியபோதும் குடும்பப் பெண்கள் வேலையில் இல்லாமல் இருந்ததில்லை. கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதியதும் சம்மட்டி அடித்ததும் கொல்லர் வீட்டுப் பெண்களே. குயவர் வீட்டில் மண் பிசைந்தது பெண்கள், சக்கரத்தைச் சுற்ற மட்டும் பல இடங்களில் அனுமதி இல்லை. தொழிலின் பெயர் ஆணுக்கு, துணைவேலை பெண்ணுக்கு என்ற வழக்கம் கூலிச் சந்தைக்குள் அப்படியே குடிபுகுந்தது.

சட்டம் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 39(ஈ) பிரிவு சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு சம ஊதிய உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றது. சம ஊதியச் சட்டம் 1976-இல் வந்தது. ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’க்குக் கூலியில் வித்தியாசம் கூடாது என்றது அது. 1987 திருத்தம் இன்னும் ஒரு படி போய், பதவி உயர்விலும் பயிற்சியிலும் பாகுபாடு கூடாது என்று சேர்த்தது. எழுத்தில் குறை சொல்ல முடியாத சட்டம். ஆனால் வேலையை முதலிலேயே இரண்டாகப் பிரித்து இரண்டு பெயர் வைத்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை. அளத்தில் வாருகிறவருக்கும் சுமக்கிறவருக்கும் ஒரே வேலை இல்லை என்று முதலாளி சொன்னால், ஆய்வாளர் நோட்டை மூடிவிட்டுப் போகலாம்.

இந்த முடிச்சை உலகுக்குக் காட்டியவர்கள் லண்டனை ஒட்டிய டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்த பெண்கள். 1968 ஜூனில் 187 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஆலை அவர்களைத் திறன் குறைந்த ‘பி’ பிரிவில் வைத்திருந்தது, அதிலும் அதே பிரிவு ஆண்களின் கூலியில் 85 சதவீதமே கொடுத்தது. எங்கள் வேலை ‘சி’ பிரிவு வேலை, அப்படியே எழுது என்பதுதான் அவர்களின் முதல் கோரிக்கை. மூன்று வாரத்தில் கார் உற்பத்தியே நின்றது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டுக் கூலியை 92 சதவீதம் ஆக்கினார், 1970-இல் பிரிட்டனில் சம ஊதியச் சட்டமும் வந்தது. வரலாறு இதை வெற்றி என்று எழுதுகிறது. ஆனால் அவர்கள் கேட்ட பிரிவு மாற்றம் 1984-இல், மறுபடியும் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் கிடைத்தது. கூலியை ஏற்றுவதற்குச் சம்மதித்த நிர்வாகம், திறனை ஒப்புக்கொள்ள 16 வருடம் எடுத்துக்கொண்டது. நம் ஊர் விவாதங்களில் இந்தப் பின்பாதி பேசப்படுவதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

தடை முதலாளியிடமிருந்து மட்டும் வருவதில்லை, சக தொழிலாளியிடமிருந்தும் வருகிறது. மும்பைத் திரையுலகில் ஒப்பனைக் கலைஞர் சங்கம் பெண்களுக்கு ஒப்பனைக் கலைஞர் அட்டை தர மறுத்து, சிகை அலங்காரத்தோடு நின்றுகொள் என்றது. ஒப்பனைக் கலைஞர் சாரு குரானா வழக்குத் தொடுத்தார். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. சங்கம் என்ற பெயரே சமத்துவத்துக்கு உத்தரவாதம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரவில் பெண்கள் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் இதே வரிசையில் வரும். பாதுகாப்பு என்று சொல்லிக் கதவைச் சாத்தியதால் பெண்கள் இழந்தது கூலியை.

தமிழ்நாட்டில் இந்தப் போராட்டத்தின் நீண்ட இழை கட்டடத் தொழிலாளர் இயக்கம். சென்னையில் நிர்மாண் மஸ்தூர் பஞ்சாயத்து சங்கத்திலும் பெண் தொழிலாளர் சங்கத்திலும் ஆர். கீதா போன்றவர்கள் பல பத்தாண்டுகள் நின்று வேலை செய்ததை நன்றியோடு சொல்ல வேண்டும். 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. மத்திய அரசின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996-இல்தான் வருகிறது, அதாவது தமிழ்நாடு முன்னே போயிருந்தது. வாரிய அட்டை கையில் இருந்தால் விபத்து நிவாரணம், பிள்ளைகள் படிப்புதவி, பேறுகால உதவி, ஓய்வூதியம். சித்தாளும் தொழிலாளிதான் என்று அரசு ஏட்டில் எழுதவைத்தது பெரிய சாதனை. ஆனால் அட்டையில் அவர் சித்தாளாகவே பதிகிறார், சித்தாளாகவே புதுப்பிக்கிறார். பத்தாவது வருடத்தில் இவருக்குக் கொத்து வேலை தெரியுமா என்று யாராவது சோதித்து, வகையை மாற்றி எழுத வேண்டும் என்ற கோரிக்கை நலத்திட்டக் கோரிக்கைகளுக்கு அடியில் புதைந்துவிட்டது.

உப்பளத்தில் அந்த அளவுகூட இல்லை. மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. தேவையான உதவிதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குடும்பத்துக்கு என்று கொடுக்கும்போது, அந்த வீட்டில் கணவன் மனைவி இருவருமே அளத்து ஆட்கள் என்பது கணக்கில் மறைந்துபோகிறது. உப்பைப் பற்றிய நம் நினைவே அப்படித்தான். 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதியின் பெயர் பாடப்புத்தகத்தில் உண்டு. உப்பு எடுத்தே வாழும் பெண்களின் உலகத்தை அறிய 1979-இல் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி அளங்களைப் பார்த்து எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலைத்தான் இன்றும் நாட வேண்டியிருக்கிறது.

பெண்கள் கரணை பிடித்த இடங்களில் என்ன நடந்தது? கேரளத்தில் கோட்டயத்தை அடுத்த ஏற்றுமானூரில் திரேசியம்மா மாத்யூ 2004-இல் தொடங்கிய அர்ச்சனா பெண்கள் மையம் கொத்து, தச்சு, ஃபெரோசிமெண்ட் வேலைகளைப் பெண்களுக்குக் கற்பித்தது. அகமதாபாதில் சேவா அமைப்பு 2003-இல் கட்டடத் தொழிலாளிப் பெண்களுக்காகவே கர்மிகா பள்ளியைத் திறந்தது. உத்தரப் பிரதேசத்தின் பாந்தாவில் 1990-களின் தொடக்கத்தில் மகிளா சமாக்யா என்ற பெண்கள் கல்வித் திட்டத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் அடிபம்பு மெக்கானிக் ஆனார்கள். ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா கழிப்பறைகளைக் கட்டப் பல்லாயிரம் பெண்கள் பயிற்சி பெற்று ‘ராணி மிஸ்திரி’ என்ற பட்டத்தோடு வேலை செய்தார்கள். எல்லா இடத்திலும் தெரியவந்தது ஒன்றே. கற்றுக்கொள்ள நாள் அதிகம் பிடிப்பதில்லை. அரசின் ஊரக வீட்டுத் திட்டக் கொத்தனார் பயிற்சியே 45 நாள்தான், அதற்குள் ஒரு வீட்டையே கட்டி முடிக்கிறார்கள். கலவையும் செங்கலும் பழகிய கைக்கு 45 நாள் தாராளம்.

சிக்கல் நாற்பத்தாறாம் நாள் வருகிறது. திட்டம் முடிந்ததும் யார் வேலைக்குக் கூப்பிடுவார்? மேஸ்திரிக்குத் தன் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் பெண் கட்டிய சுவர் நிற்குமா என்கிறார். பயிற்சி பெற்ற பெண் மறுநாள் காலை அதே சித்தாள் கூலிக்குப் போய் நிற்கிறார், கூடவே கொத்து வேலையும் செய்துகொடுக்கிறார். திறன் கூடியது, கூலி கூடவில்லை. இதில் பயனடைந்தது ஒப்பந்தக்காரர் மட்டுமே. அமெரிக்காவிலும் பாதை வேறாக இல்லை. அரசு ஒப்பந்தக் கட்டட வேலைகளில் பெண்களின் பங்கு 6.9 சதவீதம் இருக்க வேண்டும் என்று 1978-இல் இலக்கு வைத்தார்கள். சிகாகோவிலும் கலிஃபோர்னியாவிலும் கட்டடக் கைத்தொழில் பெண்கள் தங்களுக்கென்று சங்கங்கள் கட்டிப் போராடினார்கள். ஆனாலும் அங்கே கட்டடக் கைத்தொழில்களில் பெண்கள் இன்றும் ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பேர்தான். இலக்கை எழுதிவிட்டு, எட்டாத ஒப்பந்தக்காரரைத் தண்டிக்காமல் விட்டால் எண் அசையாது.

வானூருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. ஆரோவில் மண் ஆய்வு நிறுவனம் 1989 முதல் அழுத்தி எடுத்த மண் கற்களால் கட்டும் முறையை வளர்த்து வருகிறது. உள்ளூர்ச் செம்மண்ணோடு ஏறத்தாழ 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கைப்பொறியில் அழுத்தி எடுத்து, ஈரம் காத்துப் பதப்படுத்தினால் சூளையில் சுடாமலே கல் தயார். இங்கே தரம் முழுவதும் மண்ணைச் சலிப்பதிலும் ஈரப் பக்குவத்திலும் இருக்கிறது. உருட்டிய மண் உருண்டை எப்படி உடைகிறது என்று பார்த்தே ஈரத்தைத் தீர்மானிக்கலாம். இவை பெண்களிடம் ஏற்கெனவே உள்ள அறிவு. பழைய கொத்தனார் உறவுச் சங்கிலி இறுகாத புதிய தொழில்நுட்பம் என்பதால், பெண் முதல் நாளிலிருந்தே திறன் கூலியில் நுழையக்கூடிய வாசல் இது. பக்கத்துக் கிராமங்களில் அரசு கட்டும் அங்கன்வாடியோ சுயஉதவிக்குழுக் கட்டடமோ இந்த முறையில், பெண்கள் குழுவிடம் ஒப்பந்தமாகவே கொடுக்கப்படலாம். ஒப்பந்தம் கையில் இருந்தால் மேஸ்திரி கூப்பிட வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

உடல் வலு போதாது என்பார்கள். நாள் முழுவதும் செங்கலும் உப்பும் தலையில் சுமப்பவரிடம் இதைச் சொல்வதற்கு மனசு எப்படி வருகிறதோ! பூச்சு வேலைக்கு வேண்டியது தோளின் பலத்தைவிடக் கையின் ஒழுங்கு. உண்மையான உடல் பிரச்சினை வேறு, அதைப் பேசுவாரில்லை. ஸ்ரீராமச்சந்திரா மருத்துவ நிறுவன ஆய்வாளர் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பான அளவை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள், 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. அளத்தில் நிழலும் இல்லை, கழிப்பறையும் இல்லை. ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சமத்துவக் கோரிக்கைப் பட்டியலில் கழிப்பறை முதல் வரியாக வர வேண்டும் என்பேன். சாரம் ஏற வசதியான உடுப்பு, குழந்தையை விட ஒரு கொட்டகை இரண்டும் அதற்கு அடுத்த வரிகள். இவை இல்லாமல் பெண்கள் முன்வருவதில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை.

ஊரக வேலை உறுதித் திட்டம் கற்றுத்தந்ததும் நினைவில் இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 2005 சட்டம் சொன்னதும் தமிழ்நாட்டில் வேலை நாள்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்களுடையதாயிற்று. கண்ணியமான கூலிக்குப் பெண்கள் வரமாட்டார்கள் என்ற பேச்சு அதோடு பொய்த்தது. ஆனால் அதே திட்டத்தில் கொத்தனார் கூலி பொருள் செலவுக் கணக்கில் போனது, அந்தக் கூலியை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். குளம் வெட்டியது பெண்கள், மதகு கட்டியது ஆண்கள்.

2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1976 சட்டத்தின் இடத்தில் இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அதில் இழப்பும் உண்டு, ஒரு பிடிமானமும் உண்டு. பயிற்சியிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது என்று பழைய சட்டம் வெளிப்படையாகச் சொன்ன சொற்கள் புதியதில் இல்லை. பழைய சட்டத்தின் ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள், புதிய ஆலோசனை வாரியத்தில் மூன்றில் ஒரு பங்கு. மறுபக்கம், ஒத்த தன்மையுள்ள வேலை எது என்று அளக்கத் திறன், உழைப்பு, பொறுப்பு என்ற பழைய மூன்றோடு ‘அனுபவம்’ என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். முதலாளிகள் இதைக் கூலி குறைக்கவும் வளைக்கலாம். ஆனால் இருபது வருடம் பாத்தி மிதித்தவரும், பதினைந்து வருடம் கலவை போட்டவரும் தங்கள் அனுபவத்தை எழுத்தில் வைத்து வகைமாற்றம் கேட்க முதல் முறையாகச் சட்டத்திலேயே ஒரு சொல் கிடைத்திருக்கிறது. தொழிற்சங்கங்கள் இதைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் உப்பளம் தனித் தொழிலாகவே இருக்கிறது. அடுத்த முறை அந்த ஆணை திருத்தப்படும்போது பாத்தி திருத்துதல், மிதித்தல், நீர்ப் பக்குவம் பார்த்தல் ஆகியவை திறன் வேலைகளாக அதில் ஏற வேண்டும், யார் செய்தாலும் அதே கூலி என்று எழுதப்பட வேண்டும். மாநில ஆலோசனை வாரியத்தில் பெண்களுக்கென்று உள்ள அந்த மூன்றில் ஒரு பங்கு இருக்கைகளில் ஒன்று மரக்காணத்தில் உப்பு சுமக்கும் ஒரு பெண்ணுக்குப் போக வேண்டும். அவர் சென்னைக்கு வந்துபோகும் நாளுக்கு அளத்தில் கூலி பிடிக்கக் கூடாது என்பதையும் அந்த ஆணையிலேயே சேர்த்து எழுதலாம்.